ஒரு வேப்பங்கிளைக்கு எட்டு மாதம்

போன சனிக்கிழமை எங்கள் தெரு வேப்பமரத்தில் ஒரு கிளையை வெட்டினோம். வெட்டி இறக்க ஆன நேரம் முக்கால் மணி. வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பதில் வாங்கி முடிக்க ஆன நேரம்... எட்டு மாதம்!

'கவர்மென்ட் ஆபீஸ் என்றால் அப்படித்தான்' என்று நீங்கள் உச்சுக்கொட்டுவது இங்கே கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். அந்த எட்டு மாதத்தில் ஆபீஸின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், நான் கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கும். அதனால்தான் இந்த வாரம் வேறு எதையும் எழுதாமல் இதை எழுதுகிறேன்.

நான் செல்லூரில் குடியிருப்பது வாராவாரம் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குத் தெரியும். எனக்கு எதிர்வீடு கோவர்த்தனன் வீடு. நெசவாளர், சௌராஷ்டிரர். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வாசலுக்கு வந்தால் அசல் மதுரைத் தமிழ். வீட்டை ஒட்டி ஓடு போட்ட தறிக்கொட்டகை. உள்ளே இரண்டு குழித்தறிகள். ஒன்றில் அவர், இன்னொன்றில் அவர் மனைவி ருக்மணி அம்மா. காலையில் இரண்டு தறிச் சத்தமும் சேர்ந்து ஆரம்பித்தால்தான் எனக்குப் பேனாவே ஓடும்.

கொட்டகைக்கு வெளியே, தெரு ஓரத்தில் அந்த வேம்பு. அதன் கிழக்குக் கிளை அப்படியே ஓட்டுக்கு மேலே நீண்டு கிடந்தது. ஐப்பசி மழையில் ஒருநாள் மத்தியானம் படீரென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், கிளை மரத்தோடு சேரும் இடத்தில் உள்ளங்கை நுழைகிற அளவுக்கு விரிசல். விழவில்லை. ஆனால் விழுந்தால் எங்கே விழும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நேராகத் தறியில்... தறியில் உட்கார்ந்திருப்பவர் தலையில்.

தறியை நகர்த்திப் போட்டுக்கொள்ளக் கூடாதா? கூடாது. அது குழித்தறி. தரையைத் தோண்டி, காலை உள்ளே விட்டு மிதித்து நெய்வது. கட்டிலைப் போல இழுத்துப் போட முடியாது.

சரி, ஒரு அரிவாளை எடுத்துக் கிளையை வெட்டிவிடக் கூடாதா? அதுவும் கூடாது. தெருவில் நிற்கிற மரம் சர்க்கார் மரம். அதற்கு நம்பர் உண்டு. எங்கள் வேம்பின் இடுப்பில் வெள்ளைப் பெயின்டில் '14' என்று எழுதியிருக்கும். அனுமதி இல்லாமல் ஒரு கிளையைத் தொட்டாலும் குற்றம். எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் தனிப்பிரியம் உண்டு. ஏன் தெரியுமா? அடுத்த தெருவில் பதிமூன்றாம் நம்பர் ஒரு பூவரசு. கடை போட இடைஞ்சல் என்று ஒருவருக்கு அதன் மேல் கண். ஆபீஸ் திறக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து ஆளை விட்டார். திங்கட்கிழமை அங்கே வெறும் அடிக்கட்டைதான் இருந்தது. சட்டம் இருக்கும்போதே இந்தக் கதி என்றால், இல்லாவிட்டால்?

கோவர்த்தனன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அவருக்கு மரம் வேண்டும். விடிந்தும் விடியாமலும் தெருவில் பாவு நூலை நீளமாக விரித்துக் கஞ்சி போடுவது அதன் நிழலில்தான். சுள்ளென்று வெயில் பட்டால் கஞ்சி சட்டென்று காய்ந்து நூல் பட் பட்டென்று அறுந்துவிடுமாம். மரம் இருக்க வேண்டும், அந்த ஒரு கிளை மட்டும் இறங்க வேண்டும். அவர் கேட்டது இவ்வளவுதான்.

"சார், நீங்கதான் எழுதுறவுக. ஒரு மனு எழுதித் தாங்க" என்று வந்தார்.

வந்தது வினை! எழுதுகிறவனிடம் போய் எழுதித் தா என்று கேட்டால் சும்மா இருப்பானா? ராத்திரி சாப்பாட்டை ஒத்திவைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் பாராவை நான் இன்னும் மறக்கவில்லை. 'கோடையில் குடையாகவும் மழையில் தாயாகவும் இத்தெரு மக்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் எழில்மிகு வேம்பு...' இரண்டாம் பாராவில் வேப்பங்காற்றின் குணம். மூன்றாம் பாராவின் கடைசியில், ஒரு கமாவுக்குப் பிறகு, விரிசல்.

கோவர்த்தனன் விரலை வைத்து மெதுவாக முழுவதும் படித்தார். இம்புட்டு அழகாக யாரும் எழுத முடியாது என்றார். பிறகு தயங்கி, கிளை கீறியிருப்பது எந்த இடத்தில் வருகிறது என்று கேட்டார். 'அதெல்லாம் வருகிறது, கையெழுத்தைப் போடுங்கள்' என்று அதட்டினேன். போட்டுவிட்டார் மனிதர்.

இரண்டு மாதம் கழித்து, மார்கழிக் குளிரில் ஒரு பழுப்புக் கவர் வந்தது. உள்ளே இருந்ததை அப்படியே தருகிறேன்: 'மேற்படி மரம் நல்ல நிலையில் உள்ளதென்றும், பொதுமக்களுக்குப் பெரிதும் பயன்படுகிறதென்றும் மனுதாரரே தெரிவித்துள்ளார். எனவே வெட்ட அனுமதிக்க முகாந்திரம் இல்லை. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.'

எனக்கு வந்த கோபம்! ரசனை கெட்ட ஜென்மங்கள் என்று குதித்தேன். பொங்கல் முடிந்த கையோடு கோவர்த்தனனையும் இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அங்கே மர சம்பந்தமான ஃபைல்களைப் பார்ப்பவர் சிவலிங்கம் என்ற கிளார்க். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். பெயரைச் சொன்னதும் எழுந்து நாற்காலி போட்டார். இந்தப் பக்கத்தை அவர் வீட்டில் வாராவாரம் படிப்பார்களாம்.

எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதியை அவர் இறக்கினார்.

"தப்பா நெனைக்காதீக சார். மனு எழுதச் சொன்னா நீங்க கட்டுரை எழுதிட்டீக. மரத்த இம்புட்டுப் புகழ்ந்து எழுதுன காயிதத்துல, வெட்டிக்கன்னு எந்த ஆபீசரு கையெழுத்துப் போடுவாரு? நானா இருந்தாலும் போட மாட்டேன்."

அப்புறம் என்னை விட்டுவிட்டு கோவர்த்தனன் பக்கம் திரும்பி, உமக்கு என்ன பயம் என்று கேட்டார்.

"கெள கீறிப்போச்சுண்ணே. அதுக்கு நேர் கீழ நானும் வீட்லயும் உக்காந்து நெய்யுறோம்."

"அம்புட்டுத்தான். அதையே எழுதிக் குடுங்க" என்று வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார் சிவலிங்கம். எழுதினேன். இரண்டே வரி. மூன்றாவது வரிக்குக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன்.

பங்குனியில் ஆபீசர் ஸ்கூட்டரில் வந்தார். அதிகம் பேசாத மனிதர். டேப் வைத்து அடிமரத்தை அளந்தார். விரிசலை ஏணி வைத்துப் பார்த்தார். பிறகு கொட்டகைக்குள் போய், கோவர்த்தனன் தறியில் அவர் இடத்திலேயே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். எழுந்து வந்தபோது முகம் மாறியிருந்தது. வைகாசிக் கடைசியில் ஆர்டர் வந்தது: 14ஆம் எண் மரத்தின் கிழக்குப்புறக் கிளை ஒன்று மட்டும். வேறு கிளை எதையும் தொடக் கூடாது. வெட்டிய கட்டையை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். பதினைந்து நாளைக்குள் முடிக்க வேண்டும்.

வெட்டுவதற்கு முத்திருளாண்டியைப் பிடித்தோம். நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்து ஆள். மரம் ஏறுவதில் கெட்டிக்காரர், ஆனால் அவருக்கென்று ஒரு முறை இருக்கிறது. எந்த மரமானாலும் முதல் நாள் சாயங்காலமே வந்துவிடுவார். வெற்றிலை பாக்கை மரத்தடியில் வைத்துக் கும்பிட்டு, கோடாலியின் பின்பக்கத்தால் மூன்று தட்டுத் தட்டி, 'நாளைக்கு வெட்ட வாரோம், இருக்கிறவுக எல்லாம் எடம் மாறிக்கங்க' என்று சொல்லிவிட்டுப் போவார். பேயோ பிசாசோ அணிலோ ஓணானோ, யாராயிருந்தாலும் ஒரு ராத்திரி அவகாசம். அவரும் ஒரு ஆபீஸ் மாதிரிதான், நோட்டீஸ் கொடுக்காமல் காரியம் கிடையாது.

அன்று தட்டினார். தட்டியவுடன் மேலேயிருந்து ஒரு காக்கை பாய்ந்து வந்து அவர் தலைப்பாகையில் ஒரு கொத்து! ஏறிப் பார்த்தார். எந்தக் கிளைக்கு ஆர்டர் வாங்கியிருக்கிறோமோ அதே கிளையில், விரிசலுக்கு இரண்டு முழம் தள்ளி, கூடு. உள்ளே மூன்று குஞ்சுகள். இறகுகூட முளைக்கவில்லை.

இறங்கி வந்து வெற்றிலையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். குஞ்சு பறந்த பிறகு சொல்லி அனுப்புங்கள், வருகிறேன் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. ஏழு மாதம் அலைந்து வாங்கிய ஆர்டர் ஐயா, பதினைந்து நாள்தான் கெடு என்று கத்தினேன். கீழே இரண்டு மனித உயிர் இருக்கிறது, மேலே மூன்று காக்கைக்குஞ்சுக்கா பார்ப்பது என்றும் கேட்டேன். இப்போது நினைத்தாலும் அந்தக் கேள்வி தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது.

முத்திருளாண்டி என்னோடு சண்டைக்கு வரவில்லை.

"காலி பண்ணச் சொல்லித்தான சார் தட்டுறேன்? எந்திரிச்சுப் போக முடியாதவுகள எப்பிடிக் காலி பண்ணச் சொல்ல?"

முடிவு சொல்ல வேண்டியது நானும் இல்லை, அவரும் இல்லை. யார் தலைக்கு மேல் கிளை தொங்குகிறதோ அவர்தானே? கோவர்த்தனனும் ருக்மணி அம்மாவும் அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. பேச்சு முடிந்ததும் அந்த அம்மா உள்ளே போய், பாவு விரிக்கிற இரண்டு நீளமான மூங்கில்களைக் கொண்டுவந்து முத்திருளாண்டியின் முன்னால் போட்டார். கிளைக்கு முட்டுக் கொடுங்கள் என்று அர்த்தம். நான் கயிறு வாங்கக் கடைக்குப் போனேன்.

மறுபடி ஆபீஸ். கெடுவை நீட்டிக்க என்ன காரணம் எழுதுவது? காக்கை என்று எழுதினால் சிரிப்பார்களே என்று சிவலிங்கத்திடம் கேட்டேன். உள்ளதை எழுதுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும் என்றார். 'கிளையில் காக்கைக் கூடு உள்ளது. குஞ்சுகள் பறக்கப் பதினைந்து நாள் அவகாசம் வேண்டும்.' ஆபீசர் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, முட்டு பலமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டாராம்.

அந்த ஆனி மாதத்தை எப்படிக் கழித்தோம் என்று எனக்குத்தான் தெரியும். மத்தியானமானால் காற்று. மூங்கில் கிரீச்சென்று முனகும். உடனே தறிச் சத்தம் நிற்கும். இருவரும் வாசலுக்கு வந்து நிற்பார்கள். காற்று அடங்கியதும் உள்ளே போவார்கள். இதற்கிடையில் அந்தத் தாய்க்காக்கை, தன்னைக் காப்பாற்றுகிறவர் யார் என்று கொஞ்சமும் யோசிக்காமல், பாவு விரிக்க வந்த கோவர்த்தனன் தலையில் தினமும் கொத்தியது. அவர் ஒருநாள்கூட அதை வையவில்லை. துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கஞ்சி போட்டார்.

வீட்டில் உட்கார்ந்து நான் கணக்குப் போட்டேன். என் கட்டுரை குறுக்கே வராமலிருந்தால் ஆர்டர் பங்குனியிலேயே வந்திருக்கும். அப்போது கூடும் இல்லை, காற்றும் இல்லை. காக்கை வேறு கிளை பார்த்துக்கொண்டிருக்கும். கோவர்த்தனன் இதை ஒருதடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போன வியாழக்கிழமை மூன்றாவது குஞ்சும் பறந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முத்திருளாண்டி வந்து தட்டினார். சனிக்கிழமை காலை கிளையைக் கயிற்றில் கட்டி, துண்டு துண்டாக அறுத்து இறக்கினார். ஒரு ஓடு உடையவில்லை. ஆடி பிறக்க நாலு நாள்தான் பாக்கி.

கூட்டம் கலைந்த பிறகு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். கோவர்த்தனன் நெய்துகொண்டிருந்தார். ருக்மணி அம்மா தார்க்குச்சியில் நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன்.

"எட்டு மாசமா மேல பாத்துப் பாத்துத்தாண்ணே நெய்ஞ்சாரு. இன்னைக்குத்தான் குனிஞ்சு துணியப் பாக்குறாரு."

இத்தனை வருஷமாக எழுதுகிறேன்... நான் எழுதியதிலேயே விலை அதிகமான பாரா அந்த மனுவின் முதல் பாராதான். விலை கொடுத்தவர்தான் நான் இல்லை.