இரண்டு தடவை கொடுத்த கால்

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு கம்பெனி கால் கொடுத்தது. நல்ல கால். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் காலைப் போட்டுக்கொண்டுதான் இன்றைக்கும் ஆனையூரில் எங்கள் தெருமுனை டீக்கடைக்கு நடந்துபோய்ப் பேப்பர் படித்துவிட்டு வருகிறார். கொடுத்த விதம்தான் கொஞ்சம் வேடிக்கை. நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்ல எனக்குக் கூச்சம். எழுதுவதென்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

கம்பெனி என்றால், நகைக்கும் வண்டிக்கும் கடன் கொடுக்கிற ஃபைனான்ஸ் கம்பெனி. மதுரைக் கிளையில் கூட்டித் துடைப்பதும் காலையும் மாலையும் டீ போட்டுக் கொடுப்பதும் என் வேலை. ஆனால் எனக்குச் சம்பளம் தருவது கம்பெனி இல்லை, ஆள் அனுப்புகிற ஏஜென்சி. இந்த வித்தியாசம் எனக்கு முதல் தீபாவளியில்தான் விளங்கியது. ஸ்வீட் பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கி மேசை மேசையாக வைத்தவள் நான். எல்லாம் வைத்து முடித்தபோது எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மேனேஜர் சங்கடத்தோடு, நீங்கள் நம்ம கம்பெனி ஆள் இல்லையம்மா, ஏஜென்சி ஆள் என்று சொல்லிவிட்டு, தன் பெட்டியைப் பிரித்து ஒரு மைசூர்பாகை எடுத்துக் கொடுத்தார். நல்ல பிள்ளை. என் மகன் வயசு இருக்கும். அதற்குப் பிறகு எந்தத் தீபாவளிக்கும் நான் எதிர்பார்த்ததில்லை. அவரும் வருடா வருடம் தன் பெட்டியைப் பிரிக்கத் தவறியதில்லை.

எங்கள் வீட்டுக்காரர் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். உசிலம்பட்டி, எழுமலை ரூட். ஆயுசில் பாதியை ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே கழித்தவர். சர்க்கரை வியாதியில் கால்விரலில் ஒரு புண் வந்து, ஆறாமல் மேலே ஏறியது. பெரியாஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியதே பெரிது. வாய் மட்டும் பழைய வாய்தான்.

அந்த வாயும் ஒரு கல்யாணத்தில் அடங்கிப்போனது. எழுமலையில் அவர் அண்ணன் பேத்திக்குக் கல்யாணம். மண்டபத்துக்கு உயரமான படி. சொந்தக்காரப் பையன்கள் இரண்டு பேர், அவரை நாற்காலியோடு சேர்த்துச் சீர் பீரோவை ஏற்றுகிற மாதிரித் தூக்கினார்கள். பாதிப் படியில் ஒருத்தன் இன்னொருத்தனிடம், "மாப்ள, ஒம் பக்கம் தூக்குடா, பெருசு சாயுது" என்றான். மண்டபமே திரும்பிப் பார்த்தது. இவர் எல்லோருக்கும் கும்பிடு போட்டுச் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும், இனிமேல் எந்த விசேஷத்துக்கும் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்புறம் எந்த வீட்டு விசேஷம் என்றாலும் நான் ஒருத்தியே போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தேன்.

இப்படியிருக்கையில்தான் ஒருநாள் டீ நேரத்தில் மேனேஜர், கால் இல்லாத ஆள் யாராவது தெரியுமா என்று ஆபீசில் எல்லோரிடமும் விசாரித்துக்கொண்டிருந்தார். குழாய் ரிப்பேருக்கு ஆள் தேடுகிற மாதிரியே கேட்டார். நகைக்கடன் கவுண்டரில் இருக்கிற பெண்தான் எனக்கு விளக்கிச் சொன்னது. கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கை நல்ல காரியத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். அதற்குச் சி.எஸ்.ஆர். என்று பெயராம். இந்த வருடம் செயற்கைக் கால் என்று தலைமை ஆபீசில் முடிவு செய்திருக்கிறார்களாம். காசு தயாராக இருக்கிறது, கால் செய்கிறவர்களும் தயாராக இருக்கிறார்கள், மார்ச் மாதம் முடிவதற்குள் ஆள்தான் கிடைக்க வேண்டுமாம். மேனேஜர் ஏற்கெனவே சிலரைப் பிடித்துவிட்டார். விசாரித்தால் அவர்களுக்குக் கால் இருந்தது, நொண்டல்தான்.

நான் டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. தட்டை நீட்டும்போதெல்லாம் வார்த்தை தொண்டை வரைக்கும் வரும். "சீனி போதுமா சார்" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். கடைசியில் கவுண்டர் பெண்ணிடம் சொன்னேன். அது அப்படியே எழுந்துபோய் மேனேஜரிடம் சொல்லிவிட்டது.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று என்னைக் கோபித்துக்கொண்டார். பிறகு எதையோ யோசித்து முகம் வாடி, கம்பெனி ஆட்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் இதில் கொடுக்கக் கூடாது, ஆடிட்டில் பிடிப்பார்கள் என்றார். "நீங்க நம்ம ஆளாச்சேம்மா" என்றார்.

தீபாவளிக்கு இல்லாத நம்ம ஆள். எனக்கு ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. தலைமை ஆபீசுக்குப் பேசினார். அவர்கள் ஏஜென்சியைக் கேட்டார்கள். ஏஜென்சிக்காரர்கள், அந்தம்மாவுக்கும் கம்பெனிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள். சம்பள உயர்வு கேட்டால் கம்பெனியைக் கேள் என்று கை காட்டுகிறவர்கள் அவர்கள். ஒருநாள் காலை நான் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் வேகமாக உள்ளே வந்தார். ஈரத்தரை வழுக்கும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"அம்மா, நல்ல செய்தி. நீங்க நம்ம கம்பெனி ஆளே இல்லையாம்."

ரொம்ப நன்றி சார் என்றேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது அவர் ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "சி.எஸ்.ஆர்.னா போலீஸ் ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட் குடுத்தா குடுப்பாங்களே, அந்தத் துண்டுச் சீட்டுல்ல? அதுல காலெல்லாமா தாராங்க?" என்றார். சிரித்து முடித்துவிட்டு, அளவெடுக்க என்றைக்குப் போக வேண்டும் என்று கேட்டார்.

கால் செய்கிறவர்கள் தனி ஆட்கள், பொறுமைசாலிகள். மீதிக் காலுக்கு மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்து, அதற்குத் தகுந்தபடி செய்தார்கள். முதலில் உறை மாட்ட வேண்டும். அப்புறம் காலைக் கிண்ணம் மாதிரி இருக்கிற குழிக்குள் இறக்கி, பட்டியை இழுத்துக் கட்ட வேண்டும். கம்பெனி மேடை போட்டுக் கொடுக்கிற விழா எப்போதோ, அதுவரைக்கும் போட்டு நடந்து பழகுங்கள், திடீரென்று போட்டால் புண்ணாகிவிடும் என்று முன்கூட்டியே கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அவர் பழகினார். முதலில் வீட்டுச் சுவரைப் பிடித்து, பிறகு தெருச் சுவரைப் பிடித்து, பிறகு சுவர் இல்லாமல். எதிர்வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்த்தார். எதற்கு இந்த வயசில் மாடிப்படி என்று கேட்டேன். விழா நடக்கிற மண்டபத்தில் மேடை இருக்குமில்லையா என்றார். கூப்பிட்டதும் தானே நடந்துபோய், தானே படியேறி, தலைமை ஆபீசிலிருந்து கால் கொடுக்க வருகிற பெரிய மனுசனுக்கு வணக்கம் சொல்ல வேண்டுமாம். எழுமலை மண்டபத்தில் தூக்கிப்போன நாற்காலி அவர் மனசிலிருந்து இறங்கவே இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

விழா, நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். டீ கொடுக்க ஆள் வேண்டும் என்று ஏஜென்சியில் என்னை விடியவே வரச் சொல்லிவிட்டார்கள். அவர் வெள்ளை வேட்டி சட்டையில் தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினார். மண்டபத்து வாசல் படியை யாரையும் தொடாமல் ஏறினார். நான் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். கால் வாங்குகிறவர்கள் மொத்தம் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் அப்படித்தான் நடந்து வந்தார்கள்.

விழா ஏற்பாட்டுக்காரர் ஒருவர், காதில் ஒயரோடு, வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் மேனேஜரைக் கூப்பிட்டு, யாருமே கால் இல்லாமல் வரவில்லையே, இப்போது சார் மேடையில் எதைக் கொடுப்பார் என்று கேட்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தள்ளி நின்று பேசினார்கள். பிறகு எல்லோரும் காலைக் கழற்றித் தாருங்கள், ரிப்பன் கட்டி மேசையில் வைக்கிறோம், சார் கையால் வாங்கிக்கொள்ளலாம் என்றார் ஏற்பாட்டுக்காரர்.

மற்றவர்கள் கழற்றினார்கள். ஒரு கொத்தனார், சாரத்திலிருந்து விழுந்து இடது காலை இழந்தவர், பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கத் துண்டு போடுகிற மாதிரி ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டே முதல் ஆளாகக் கொண்டுபோய் வைத்தார். எங்கள் வீட்டுக்காரர் அசையவில்லை.

"தம்பி, ஒரு சந்தேகம்" என்றார். "தாலி கட்டி முடிஞ்சப்புறம் போட்டோக்காரர் லேட்டா வந்தாருன்னு வச்சுக்க. அவுத்துட்டு மறுபடி கட்டச் சொல்லுவீகளா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஏற்பாட்டுக்காரர், பத்து நிமிஷ வேலைதானே தாத்தா என்றார்.

"அந்தப் பத்து நிமிஷத்துல நான் எப்படிய்யா மேடை ஏறுறது?"

நாங்க தூக்கிட்டுப் போயிருவோம், கவலைப்படாதீங்க என்றார் அவர், நல்ல சேதி சொல்கிற முகத்தோடு.

மேனேஜர் என்னிடம் வந்தார். மிரட்டவெல்லாம் இல்லை. அவருக்கே வேர்த்துக்கொட்டியது. மேலே இருந்து வந்திருக்கிறார்கள், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்களம்மா என்று கெஞ்சினார். அவர் நடந்துதான் வருவார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. டீத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். வேட்டியை ஒதுக்கிப் பட்டியை அவிழ்த்தார். காலை நீட்டி, "பத்திரம். அளவெடுத்துச் செஞ்சது" என்று மட்டும் சொன்னார். பிறகு அவரை நாற்காலியோடு தூக்கினார்கள். நான் தம்ளர் கழுவுகிற இடத்துக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பெரிய சார் கால்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார். வடக்கே இருந்து வந்தவர், சிரித்த முகம். ஒவ்வொரு கால் கொடுக்கும்போதும் குனிந்து வணக்கம் சொன்னார். ரிப்பன் கட்டினவர்கள் எந்தக் கால் யாருடையது என்று பார்க்கவில்லை போலிருக்கிறது. எங்கள் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது ஒரு இடது கால். கட்டைவிரல் அந்தப் பக்கம் இருப்பதைப் பார்த்தார். அதை நெஞ்சோடு அணைத்துப் போட்டோவுக்குச் சிரித்தார்.

அப்புறம் சார் மைக்கைப் பிடித்தார். அவர் இங்கிலீஷில் பேசப் பேச, கவுண்டர் பெண் தமிழில் சொன்னது. சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறோம் என்கிற மாதிரி ஏதோ. மேடையில் உட்கார்ந்திருந்தவர்களைக் கீழே இறக்குவது யார் என்று யாரும் யோசிக்கவில்லை. தூக்குகிற பிள்ளைகள் சாப்பாட்டுப் பொட்டலம் அடுக்கப் போய்விட்டார்கள்.

பேச்சு நடக்கும்போதே எங்கள் வீட்டுக்காரர் வரிசைக் கோடியில் இருந்த கொத்தனாரைப் பார்த்து, "அண்ணே, ஒங்கது எங்கிட்ட இருக்கு" என்று கூப்பிட்டார். மைக் அதையும் பிடித்துக்கொண்டது. இடது கால் வரிசையில் கைமாறி அந்தப் பக்கம் போனது. வலது கால் கைமாறி இந்தப் பக்கம் வந்தது. ரிப்பனைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். உறையை மாட்டினார், காலை இறக்கினார், பட்டியை இழுத்துக் கட்டினார். ஒரு அவசரமும் இல்லை. எழுந்து வேட்டியை உதறிச் சரிசெய்தார்.

இறங்குகிற படி மேடைக்கு அந்தக் கோடியில் இருந்தது. அங்கே போக வேண்டுமென்றால் மைக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் நடந்தார். சாருக்கு முன்னால் வந்ததும் நின்று, ஏற்கெனவே நினைத்து வைத்திருந்த அந்த வணக்கத்தைச் சொன்னார். மண்டபம் கைதட்ட ஆரம்பித்தது. தன் பேச்சுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்துச் சாரும் பேச்சை நிறுத்தி, சபையைப் பார்த்துக் கும்பிட்டார். இவர் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடப்போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இறங்கி வந்து, பெரிய மனிதர்களுக்குப் போட்டிருந்த முன்வரிசை சோபாவில் உட்கார்ந்துகொண்டார். யாரும் எழுப்பவில்லை.

மறுநாள் ஆபீசில் நான் பயந்துகொண்டே டீ போட்டேன். ஆனால் மேனேஜர் மலர்ந்த முகத்தோடு இருந்தார். தலைமை ஆபீசில் ரொம்பப் பாராட்டினார்களாம். கால் வாங்கின ஆள் அங்கேயே போட்டு நடந்து காட்டியது பிரமாதமான ஏற்பாடு, யார் யோசனை என்று கேட்டார்களாம். யார் யோசனை என்று அவர் சொன்னாரோ, நான் கேட்கவில்லை. அடுத்து திருநெல்வேலியில் இதே மாதிரி விழா இருக்கிறதாம். அங்கேயும் மேடையில் காலை வாங்கிப் போட்டு நடந்து காட்ட உங்கள் வீட்டுக்காரர் வருவாரா, கார் அனுப்புகிறோம் என்றார்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். காரா என்று கேட்டார்.

"வாரேன்னு சொல்லு. ஆனா கழட்ட மாட்டேன்."

மறுநாள் காலை டீ நேரத்தில் மேனேஜர் அறையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். தம்ளரை வைத்துவிட்டுத் திரும்பப் போனேன். அவர், என்னம்மா, கேட்டீர்களா என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வருவாரு சார். கழட்ட மாட்டாரு."

அப்படியென்றால் எதற்கு வரச் சொல்வது என்று அவர் யோசித்தார் போலிருக்கிறது. கார் வரவில்லை.