மூஞ்சி மட்டும் வேண்டாம் சார்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். போன ஜூலை வரைக்கும் பேய் என்றால் சிரிக்கிற கட்சிதான் நானும்.

என் பெயர் அன்சார். உள்ளூர் டிவியில் கேமராமேன். எங்களுக்குச் சோறு போடுவது சாவு வீடுதான். சீ, இதுவும் ஒரு பிழைப்பு!

அன்று வண்டிப்பெரியாருக்கு மேலே ஓர் எஸ்டேட். மழையில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துச் சுவர் விழுந்து ஆனந்தி என்ற பெண் இறந்துவிட்டாள். சாயங்காலம் 4.10க்குப் போனேன். வாசலில் கிடத்தியிருந்தார்கள். புருஷன் பாண்டித்துரை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூஞ்சிய மட்டும் எடுக்காதீங்க சார். மக கோயம்புத்தூர்ல படிக்கா. இன்னும் சொல்லல. கூட்டியார அவ மாமன் போயிருக்கான். தனியா இருக்கையில போன்ல பாத்துட்டான்னா உசுர விட்ருவா."

"எடுக்க மாட்டேண்ணே."

சொல்லிவிட்டு கேமராவை இடுப்புக்கு இறக்கினேன். நிறுத்தவில்லை. பதிவாவது தெரியாமலிருக்க சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருப்போம். எங்கள் ஆட்களின் கேவலமான வித்தை அது. யாரோ துணியை விலக்கினார்கள். முகம் முழுசாகக் கிடைத்தது. சந்தோஷப்பட்டேன். தூ!

5.25. ஜீப்பில் லேப்டாப்பைத் திறந்தேன். ஆபீஸிலிருந்து ஜின்சி கூப்பிட்டாள்.

"முகம் உண்டா?"

"உண்டு. இப்ப அனுப்புறேன்."

போனைப் பின்சீட்டில் எறிந்துவிட்டுக் காட்சியை ஓட்டினேன். முகம் இல்லை. வெள்ளைத் துணிதான் இருந்தது.

திரும்பவும் ஓட்டினேன்... ஒரு கை துணியை விலக்குகிறது. உடனே உள்ளேயிருந்து இன்னொரு கை. நகமெல்லாம் சேறு. துணியை இழுத்து மூடிக்கொள்கிறது.

குப்பென்று நாற்றம். ஈரமண்ணும் அழுகிய பூவும்.

சொட்... சொட்... பின்சீட்டில்.

5.31.

திரும்பவில்லை. கதவைத் திறந்து ஓடினேன்.

தேயிலைக்குள் போய்த்தான் நின்றேன். திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் அழித்தேன்.

ஐந்தாம் நாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். பாண்டித்துரை கும்பிட்டார்.

"புள்ள நல்லபடியா வந்துட்டா சார். ஒண்ணும் பாக்கல. அன்னைக்கு அவ அம்மாவே போன் பண்ணி, 'மாமா வாராரு, அதுவரைக்கும் போன அமத்திப் போடு'ன்னு சொன்னாளாம்."

"எப்பண்ணே? காலையில, உசுரோட இருக்கையிலயா?"

"சாயங்காலம் சார். அஞ்சு முப்பத்தொண்ணு. யாரு நம்பருன்னுதான் தெரியல."

மகளின் போனை நீட்டினார்.

அது என் நம்பர்.