ஆளில்லாத கார்

ஹட்டன் பஜாரில் என் மனைவியின் காருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆளில்லாத கார். ஜெயந்தினி குள்ளம். அந்தக் காரை வாங்கிய புதிதில் ஸ்டியரிங்குக்கு மேலே அவள் தலையே தெரியாது. பிறகு சீட்டை உயர்த்தி, முன்னுக்குத் தள்ளி, காலுக்கு எட்டும்படி மிதிகளில் கட்டை வைத்துப் பொருத்தியாயிற்று. இப்போது ஊரே தெரிகிறது அவளுக்கு. பெயர் மட்டும் போகவில்லை. த்ரீவீலர் ஸ்டாண்டில் நிற்கிற திலக்ஷன் அவளைக் கண்டால் போதும், "ஆளில்லாம ஒரு காரு வருதுடா" என்பான். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

அது இரண்டு கதவுச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ஜப்பானில் யாரோ ஓட்டித் தள்ளிவிட்டது. எஞ்சின், சைலன்சர், ஸ்பிரிங் என்று அவள் மாற்றாத சாமான் அதில் இல்லை. பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டாள். மழை பெய்தால் என் பக்கத்துக் கதவு ஒழுகும். கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் நான் மடியில் ஒரு துவாயோடுதான் போய் இறங்குவேன்.

ஜெயந்தினி பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். அவளுடைய அப்பா தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டினார். பள்ளிக்கூடம் விட்டதும் அந்த லொறியில்தான் வீடு திரும்புவாள். வளைவுகளில் முனியாண்டி கோயில் வந்தால் அப்பா எக்ஸ்லேட்டரிலிருந்து காலை எடுத்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவார். எங்கள் பக்கத்தில் பஸ் டிரைவரும் அப்படித்தான், பால் வண்டிக்காரரும் அப்படித்தான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை.

பெரியவளானதும் ஹட்டனுக்கு வந்து, ஆம்பிளைகள் மட்டும் நடத்திய தொழிலில் துணிந்து இறங்கி, கார் ஓட்டப் பழக்கும் லேர்னர்ஸ் ஒன்று தொடங்கினாள். இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிற நானும் கார் பழகப் போனேன். பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டேன். லைசன்ஸ் கைக்கு வருவதற்குள் கல்யாணமே ஆகிவிட்டது.

ஏப்ரலில் நுவரெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்துப் பாதையை மூடி, மலையேற்றக் கார்ப் போட்டி வைப்பார்கள். ஜெயந்தினிக்கு வருசம் முழுக்க அதே நினைப்புத்தான். போன வருசமும் அதற்கு முந்தின வருசமும் இரண்டாம் இடம், இரண்டும் மயிரிழையில். முதலிடம் மரக்கறி மொத்த வியாபாரி நிரஞ்சனுக்கு. அவரிடம் இருப்பது டர்போ வைத்த புத்தம் புதுக் கார். பழைய காரை வைத்துக்கொண்டு இதற்கு மேல் முடியாது என்று பஜாரே சொன்னது. நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னேன். போட்டி ஒரு பக்கம், எனக்கு ஒழுகாத கதவு வேண்டும்.

இந்த வருசம் நிரஞ்சனே வழி காட்டினார். அவர் இன்னும் பெரிய கார் வாங்கப் போகிறாராம். நாங்கள் சிவப்புக் காரைக் கொடுத்து, மேலே கொஞ்சம் போட்டால் டர்போ கார் எங்களுக்கு. போட்டிக்கு முதல் நாள் ஒத்திகையில், ஓட்டிப் பார் என்று சாவியையும் நீட்டினார். அந்தக் காரின் சீட் தரையோடு தரையாக இருந்தது, அசைக்கவும் முடியவில்லை. என் ஸ்வெட்டரைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு போனாள். பார்த்தவர்களுக்கு நிஜமாகவே ஆளில்லாத கார்தான். ஆனால் மேலே போய்ச் சேர்ந்த நேரம், நிரஞ்சன் அதே காரில் அன்று ஓட்டியதைவிடக் குறைவு.

நிரஞ்சனின் முகம் ஒரு கணம் சுருங்கி விரிந்தது. "பாத்தியா தங்கச்சி, காருன்னா இதுதான்" என்றார். நானும் தலையாட்டினேன். மறுநாள் போட்டியைப் பழைய காரிலேயே ஓட்டிவிட்டு, முடிந்ததும் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு முடிந்தது. ஜெயந்தினி சரி என்றாள். ஆனால் சிவப்புக் காரின் கதவைத் திறக்கும்போது அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். எனக்கும் என்னவோ போல் ஆகிவிட்டது.

ஹட்டனுக்குத் திரும்பி வரும் வழியில் ஒரு வளைவில் முனியாண்டி கோயில். காரின் வேகம் தானாகத் தணிந்தது. ஜெயந்தினி ஓரமாக நிறுத்திவிட்டுத் தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ரேஸ் பாதையிலயும் கடைசி வளைவுல ஒரு சாமி இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன்.

"அவரு கார்ல நான் ரொம்பக் கீழ உக்காந்திருந்தேன். எனக்குச் சாமி தெரியல்ல. அதனால கால எடுக்கல்ல." வலது முழங்காலைத் தட்டிக் காட்டினாள். "எங்க கார்ல தெரியுதுங்க. ரெண்டு வருசமும் கால எடுத்திருக்கேன். எனக்கே தெரியாம."

எனக்குச் சட்டென்று உறைத்தது. போன வருசம் நான் அந்த வளைவில்தான் நின்றேன். சைலன்சர் சத்தம் அங்கே தணிந்து மறுபடி எழுந்ததை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். கார் மூச்சு வாங்குகிறது என்று நினைத்து, நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

மறுநாள் காலை பாதையை மூடுவதற்கு முன்பே போனோம். அவள் அந்தக் கோயிலில் சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்தாள். "சாமி, இன்னைக்கு ஒரு நாளைக்கு நிக்காமப் போறேன். கோவிச்சுக்காத. முடிஞ்சதும் வந்து நிக்கிறேன்." சாமியிடமே லீவு கேட்ட ஒரே ஆள் இவளாகத்தான் இருக்கும்.

நான் அதே வளைவில், மழைத் தூறலில் நின்றேன். நிரஞ்சன் பறந்து போனார். அதற்குப் பிறகு கீழே தேயிலை மலைக்குள் எங்கள் காரின் சத்தம் கேட்டது. ஏறி ஏறி வந்தது. வளைவு நெருங்க நெருங்க நான் காதைத் தீட்டிக்கொண்டேன். சிவப்பு தெரிந்தது. சத்தம் தணியவே இல்லை. எடுத்த மூச்சை விடாமல் கோயிலைச் சுற்றி மேலே போய்விட்டது. முடிவை ஒலிபெருக்கியில் சொல்வதற்கு முன்பே நான் அழ ஆரம்பித்துவிட்டேன். வெட்கமே இல்லை எனக்கு. ஜெயந்தினிதான் முதலாவது.

நிரஞ்சன் கைகொடுக்க வந்தார். காரை எப்போது மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்டார், குரல் இறங்கித்தான் இருந்தது.

"வேணாம்ணே. ஒங்க காரு நல்ல காரு, வித்துறாதீங்க" என்றாள் ஜெயந்தினி. "ஒரு நாளைக்கு நம்ம லேர்னர்ஸ் பக்கம் வாங்க. ஓட்டப் பழகித் தர்றேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மனுசன் நல்லவர், தலையைச் சொறிந்துகொண்டு அவரும் சிரித்துவிட்டார்.

பாதை திறந்ததும் அந்த வளைவில் நிறுத்தி, இறங்கி, சொன்னபடி நின்றாள். முதல் பரிசுக் கோப்பையைச் சாமி காலடியில் வைத்து வெகுநேரம் கும்பிட்டாள். ஹட்டன் வரும்வரை மழை. கதவு ஒழுகியது. நான் துவாயை மடியில் விரித்துக்கொண்டேன்.

பஜாரில் வழக்கம்போல நெரிசல். செய்தி எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. த்ரீவீலர் ஸ்டாண்டில் திலக்ஷன் எங்களைப் பார்த்ததும் தன் வண்டியை ஓரமாகத் தள்ளினான்.

"வழி விடுங்கடா, அக்கா வர்றாங்க" என்றான்.