ஹில்க்கா நின்ற மூலை

ஹில்க்கா சிப்போலா வடக்கே எங்கள் ஔலு நகரத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்திருக்கிறாள். அத்தனை வருடத்தில் கூட்டங்களில் அவள் வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவைதான். "ஜன்னல் திறந்திருக்கு" என்றாள். யாரோ எழுந்து போய்ச் சாத்தினார்கள். எங்கள் ஊரில் இதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள். பேச வேண்டிய அவசியம் வரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இருபத்திரண்டு வயதில், கை நடுங்காத பெண் என்று பெயர் வாங்கி, போன் தொழிற்சாலையில் சேர்ந்தாள். சில வருடத்தில் சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஊரே போனை நம்பிப் பிழைத்த காலம். பிறகு ஒரு வசந்தத்தில் தொழிற்சாலையை மூடினார்கள். அறுநூறு பேர் வீட்டுக்குப் போனார்கள். ஹில்க்காவும் அவளோடு முப்பது வருடம் வேலை பார்த்த எஸ்கோவும் இன்னும் சிலரும் மட்டும் நகராட்சியிடம் கேட்டு, அந்தக் கட்டடத்தில் ஒரே ஓர் அறையை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

சுவர், தரை, கூரை எங்கும் நீல நிற நுரைக் கூம்புகள் பதித்த அறை அது. உள்ளே ரேடியோ அலை எதன்மேலும் பட்டுத் திரும்பாது. கதவைச் சாத்திவிட்டால் சொந்த மூச்சுதான் கேட்கும். ஊரின் சின்னக் கம்பெனிகள் எல்லாம் தங்கள் ரேடியோ கருவிகளைச் சோதிக்க அங்கேதான் கொண்டுவருகின்றன: நோயாளியின் மணிக்கட்டுக்கு ஒரு பட்டை, கலைமானின் கழுத்துக்கு ஒரு பட்டை. ஹில்க்கா மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "மான் தண்ணியில எறங்கினா உன் பட்டை ஊமையாயிடும். எடுத்துட்டுப் போ" என்பாள். அவளிடம் திட்டு வாங்கிய கம்பெனி உருப்படும் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்குத் தெரிந்து அது பொய்யில்லை.

அந்த அறைக்குத்தான் இப்போது ஆபத்து. நகராட்சியோடு போட்ட ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. சர்வர்களை அடுக்கிவைக்க வெளியூர்க் கம்பெனி ஒன்று முழுக் கட்டடத்தையும் கேட்டது. நகர மன்றத்துக்கு முடிவெடுக்கத் தைரியமில்லை. இன்னும் இருபது வருடத்தில் வட்டாரத்தின் தொழில்நுட்பம் எப்படி இருக்க வேண்டும் என்று ஊர்க்காரர்களையே கேட்டுவிடலாம் என்று இருபத்திரண்டு பேரைக் கூப்பிட்டு, கூட்டத்தை நடத்த ஹெல்சிங்கியிலிருந்து நூரா என்ற பெண்ணையும் வரவழைத்தது.

நூரா கூடத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு எதிர்காலங்களை ஒட்டியிருந்தாள். ஒன்றில் ரேடியோ கருவிகள். ஒன்றில் கணினி விளையாட்டுகள். ஒன்றில் சர்வர் கூடங்கள். கடைசி மூலையில், எல்லோரும் தெற்கே போய்விட, ஊர் சுருங்கி ஏரியும் காடுமாக ஆவது.

"உங்களுக்கு எந்த எதிர்காலம் வேணுமோ அந்த மூலையில போய் நில்லுங்க. பேசவே வேண்டாம்" என்றாள்.

பேச வேண்டாம் என்றதும் எல்லோருக்கும் உயிர் வந்தது.

ஹில்க்கா வழக்கத்துக்கு மாறாக முதல் ஆளாக எழுந்து ரேடியோ மூலைக்குப் போய்ச் சுவரோடு நின்றாள். திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை. எதிர்மூலையில், காபி மேசையைச் சுற்றி, பெருங்கூட்டம். நடுவில் எஸ்கோ, கையில் ஏலக்காய் ரொட்டியோடு.

"சர்வர் கூடத்துக்குப் பதினாலு பேர். ரேடியோவுக்கு ஒருத்தர்" என்று ஹில்க்காவின் பக்கத்தில் முணுமுணுத்தபடி நூரா எழுதிக்கொண்டாள். பிறகு எல்லோருக்கும் சொன்னாள்: "வியாழக்கிழமை இது மன்றத்துக்குப் போகுது. இப்ப கால் மணி நேரம் இடைவேளை."

ஹில்க்கா நேரே எஸ்கோவிடம் போனாள்.

"முப்பது வருஷம் எங்கூட இருந்துட்டு சர்வர் மூலையில நிக்கறியே, வெக்கமா இல்ல?"

"சர்வரா? எங்க?"

"உன் தலைக்கு மேல எழுதியிருக்கு பாரு."

எஸ்கோ அண்ணாந்து பார்த்தான். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "உன் மூலைக்குத்தான் வரலாம்னு இருந்தேன். நீ ஏற்கெனவே நின்னுட்டிருந்த. ஒருத்தர் நிக்கற எடத்துல போய் எப்படி ஒட்டிக்கிட்டு நிக்கறது? அதான் காபி பக்கம் வந்தேன்."

"நானும் உனக்கு எடம் விட்டேன்" என்றாள் பக்கத்தில் இருந்த பெண். இன்னும் நாலைந்து தலைகள் ஆடின.

ஹில்க்காவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பேருந்து நிறுத்தத்தில் கொட்டும் மழையிலும் ஒருவருக்கொருவர் இரண்டு மீட்டர் விட்டு நிற்கும் ஜனங்கள் நாங்கள். மரியாதை பண்ணியே அவள் அறையைத் தாரை வார்க்கப் பார்த்தார்கள்.

"போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லேன்" என்றாள்.

"நானா?" எஸ்கோவின் முகம் வெளுத்தது. "நீ சொல்லு."

நூரா காகிதங்களைச் சுருட்டத் தொடங்கியிருந்தாள். ஹில்க்கா கையைத் தூக்கினாள். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"நூரா, அந்தக் கணக்கு தப்பு. இவங்க காபிக்காக நிக்கறாங்க. இல்லன்னா எனக்கு எடம் விட்டு நிக்கறாங்க. எங்க ஊர்ல அப்படித்தான்." ரேடியோ மூலையைக் கையால் காட்டினாள். "எனக்கு இன்னும் மூணு வருஷ வேலைதான் பாக்கி. என் வேலைக்காகக் கேக்கல. அந்த அறை இருக்கறதாலதான் பதினேழு கம்பெனி இந்த ஊரை விட்டுப் போகாம இருக்கு. அது மூடினா ஒவ்வொண்ணா கெளம்பிடும். அறை வேண்டாம்னு நெனைக்கறவங்க தாராளமா வேண்டாம்னு நில்லுங்க. எனக்கு மரியாதை பண்றதா நெனச்சுத் தள்ளி நிக்காதீங்க. மேல இடிச்சாலும் நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவ்வளவு பேச்சு அவள் வாழ்நாளில் பேசியதில்லை. மறுபடி ரேடியோ மூலைக்குப் போய் நின்றாள்.

நூரா எதையோ சொல்ல வாயெடுத்து, நல்லவேளையாகச் சொல்லாமல் விட்டாள். அப்புறம் எஸ்கோ காபிக் கோப்பையோடு கூடத்தைக் கடந்து வந்தான். ஹில்க்காவுக்கு ஒரு கை தள்ளி நின்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னும் அரையடி நெருங்கினான். அவன் பின்னால் அந்தப் பெண். பிறகு இரண்டு பேர், ஐந்து பேர். சர்வர் மூலையில் மின்வாரியத்துக்காரரும் இன்னும் இரண்டு பேரும் தங்கினார்கள். அவர்கள் நிஜமாகவே அதைத்தான் நம்பினார்கள், அதில் தப்பில்லை. ஏரி மூலையில் மீன்பிடிப் பைத்தியமான ஒருவர் மட்டும் நகரவேயில்லை.

மூலை சின்னது. யாருடைய கம்பளிச் சட்டையோ ஹில்க்காவின் கன்னத்தில் உரசியது. யாருடைய முழங்கையோ விலாவில் குத்தியது. எல்லோரும் கூரையையும் தரையையும் பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இவர்களை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.

நூரா பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு எண்ணினாள். பதினெட்டு. மன்றத்துக்குக் காட்டப் படம் எடுக்கிறேன் என்று போனைத் தூக்கினாள்.

"சீக்கிரம் எடு, நூரா" என்றாள் ஹில்க்கா, கண் கலங்கியபடி. "இவங்க இப்படி ரொம்ப நேரம் நிக்கமாட்டாங்க."