தவக்காலத்தில் எழுதாமல் விட்ட வெப்பநிலை

யோசெப்பின் என்ற பெரியம்மாவின் சமையலறையில் கோயிலில் கொடுத்த கலண்டர் தொங்கும். மகள் நிரஞ்சனி தாதி வேலைக்காகக் கடல் நடுவிலுள்ள மக்தலேன் தீவுகளுக்குப் போன நாளிலிருந்து, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்கள். மேலே மொன்றியலில் எங்கள் நோத்ர-டாம்-த-கிரேஸின் வெப்பநிலை, கீழே தீவின் வெப்பநிலை. பெரியம்மா கார்தெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் முப்பது பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தொலைக்காட்சியின் வானிலைச் செய்திக்கு முன்னால் நிற்பார். நான் கீழ்மாடியில் இருந்தேன். கூப்பிட்டுக் காட்டுவார்.

2007 ஜனவரியில் ஒரு நாள் இங்கே மைனஸ் இருபத்திரண்டு, அங்கே மைனஸ் ஆறு.

"பாத்தியே தம்பி? கடல் அணைச்சு வைச்சிருக்கு. நாங்கள்தான் இஞ்சை விறைச்சுச் சாகிறம்."

நிரஞ்சனிக்கு மே தொடக்கத்தில் பிள்ளை பிறக்க இருந்தது. பெரியம்மாவின் திட்டம் அசைக்க முடியாதது: முப்பத்தொரு நாள் தாய்க்கு மருந்துச் சரக்கு இடித்துக் காய்ச்சிய சரக்குத்தண்ணி, பிள்ளைக்குத் தினமும் காலை இளவெயில்.

"வெயில் படாத பிள்ளை என்னெண்டு உரக்கும்? என்ர கையாலை வெயில் காட்டிப்போட்டுத்தான் திரும்பி வருவன்."

ஒவ்வொரு தவக்காலத்திலும் அவர் மீனை விடுவார். இந்த முறை சுகப்பிரசவத்துக்கு நேர்த்தி. அதனால் மீன் போதாது என்று நினைத்தார். "மீனை விடுறது லேசு. ரீவியை விடுறன்," என்றார். திருநீற்றுப் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை தொலைக்காட்சியின் மேல் ஒரு மேசைவிரிப்பு கிடந்தது. அதன் பிறகோ, சரக்கு வறுக்கவும் இடிக்கவுமே நேரம் சரி.

ஏப்ரல் கடைசியில் மொன்றியல் அரைக்கைச் சட்டைக்கு மாறியிருந்தது. பெரியம்மாவின் தடித்த கோட் பூச்சி உருண்டைகளோடு நிலவறைக்குப் போனது. நல்லெண்ணெய், பருத்தித் துணிகள், செபமாலை எல்லாம் பெட்டிக்குள் போயின. சின்ன விமானத்தில் ஏறிப் போனார்.

அன்று பின்னேரமே தொலைபேசி அடித்தது.

"தம்பி, கடலிலை ஐஸ் மிதக்குது! ரெண்டு பாகையாம். ரெண்டு!"

பின்னால் நிரஞ்சனியின் குரல் கேட்டது: "செபமாலை மூண்டு கொண்டந்திருக்கிறா. சுவெட்டர் ஒண்டும் இல்லை!"

"நீ சும்மா இரடி. தம்பி, கலண்டரைப் பார். என்ன எழுதியிருக்கிறன்?"

கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற என்னிடம் திறப்புத் தந்துவிட்டுப் போயிருந்தார். மேலே போய்ப் பார்த்தேன். "பெப்ரவரி இருபதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை, பெரியம்மா."



"நான் நேர்த்தியிலை இருக்கேக்கை இந்தக் கடல் என்ன வேலை பாத்திருக்குப் பார்!"

"கடல் சோம்பேறி அம்மா," என்றாள் நிரஞ்சனி. "ஆறவும் நேரம் எடுக்கும், சூடாகவும் நேரம் எடுக்கும்."

பிள்ளை பிறந்தாள். சுகப்பிரசவம். நேர்த்தி பலித்தது, வெயில்தான் வரவில்லை. மருமகன் றஜிந்தனின் மீன்பிடி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பெரியம்மா தினமும் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். பிறகு என்னை அழைத்தார். நான் கட்டங்களை நிரப்பினேன். நாலு. ஆறு. ஐந்து, மூடுபனிப் புகார். முப்பத்தோராம் நாள் எட்டு, அதோடு தூக்கி எறிகிற காற்று.

அடுத்த நாள் திரும்புவதற்கு ரிக்கெற். அதை மாற்றினார். கார்தெரி முதலாளியம்மாவுக்குத் தன் பிரெஞ்சில் தானே விளக்கினார்: "மதாம், பா த சொலெய்." வெயில் இல்லையாம். மதாம் விழுந்து விழுந்து சிரித்து இரண்டு கிழமை கூட்டிக் கொடுத்தாராம். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.

கூடக் கிடைத்த அந்த நாட்களில் பன்னிரண்டாம் நாள் காலை, நான் வேலைக்கு வெளிக்கிடும்போது அழைப்பு.

"பதினாலு! காத்துமில்லை. முகத்தை மட்டும் வெளியிலை விட்டுப் பத்து நிமிசம் வைச்சிருந்தனான்."

"பிள்ளை என்ன செய்தவ?"

"தும்மினவ. வெயில் கண்ணிலை பட்டு வந்த தும்மல். குளிராலை இல்லை. நிரஞ்சனி என்ன சொன்னாலும் நம்பாதை. கீழ்க் கட்டத்திலை எழுது."

பதினான்கு என்று எழுதினேன். "இஞ்சை முப்பது பெரியம்மா. மேலை அதையும் எழுதட்டோ?"

"அதை இப்ப ஆர் கேட்டது?" என்றார்.