அணைத்த பிறகும் எரிந்த பல்பு

என் மடத்தனத்தை மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. வயரிங் வேலையில் சேருவதற்கு முன்பே நான் டெஸ்டர் வாங்கிவிட்டேன். அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு சிவகாசி பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றியும் வந்தேன். “என்ன, கரண்டு வேலையா?” என்று யாராவது கேட்பார்கள் என்று ஆசை. ஒருவர் கேட்கத்தான் செய்தார், பேனா இருக்கிறதா என்று.

அதற்கு முன்னால் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் பண்டல் கட்டிக்கொண்டிருந்தேன். சீசன் முடிந்ததும் கம்பெனிக்கு நான் தேவைப்படவில்லை. சீசனிலும் அவ்வளவாகத் தேவைப்பட்டதாகச் சொல்ல முடியாது. அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்புக் கீழே படித்த ஒருவன் என்னைச் சேர்த்துக்கொண்டான். வீடுகளுக்கு லைட் வயரிங் எடுத்துச் செய்கிறவன். வேலை இடத்தில் அவனை நான் ‘அண்ணே’ என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அவன் பதிலுக்கு என்னை ‘அண்ணாச்சி’ என்பான். இப்படி ஒருவரையொருவர் மூத்தவராக்கிக்கொண்டு ஊரில் பாதிச் சுவரை உடைத்தோம். உடைத்தோம் என்பது சும்மா ஒரு மரியாதைக்கு. வயர் போகும் வழிக்கு அவன் சுவரில் சாக்பீசால் கோடு போடுவான், நான் உடைப்பேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் மனைவிக்கு என் பல்லை வைத்துத்தான் அடையாளம் தெரியும்.

ஆனைக்குட்டம் போகிற வழியில் ஒரு புது வீடு வந்தது. புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. கட்டுமானத்தில் எல்லாம் அந்த அக்கா சொன்னதுதான் சட்டம். வயரிங் தொடங்கிய அன்றைக்கே படுக்கையறை வாசலில் வந்து நின்றுகொண்டு, அறைக்கான சுவிட்ச் கதவுக்கு வெளியேதான் இருக்க வேண்டும் என்றார்.

நான்தான் டெஸ்டர் வைத்திருப்பவனாயிற்றே, சும்மா இருப்பேனா?

“ஏக்கா, வீடு என்ன பட்டாசு மருந்து ரூமா?”

“மருந்து ரூம்ல லைட்டே கிடையாது தம்பி. வெயில் மங்குனா எந்திரிச்சு வெளிய வந்துருவோம். உள்ள போகும்போது வாசல்ல செம்புத் தகட்டைத் தொட்டுட்டுத்தான் காலை வைக்கணும், ஒடம்புல இருக்க கரண்டு எறங்கணும்ல. எந்த வீட்டுக்குப் போனாலும் என் கை தன்னால அங்கனதான் போகுது. அங்கனயே சுவிட்சை வச்சிருங்க.”

அவர் வேலை பார்க்கும் அறைக்கு வெயில்தான் லைட். முதலாளிக்குப் பில் வராத லைட். வாலிபமெல்லாம் அந்த வெளிச்சத்தில் திரி செருகிய அக்காவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது.

“பால் காய்ப்புக்கு எங்க கம்பெனிப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் வாராக. விடியுமுன்ன வந்துட்டு, கம்பெனி வேன் வாரதுக்குள்ள போயிருவாக. அவுக பாக்க நான் என் கையால லைட்டைப் போட்டு, என் கையால அமத்தணும். அது போதும்.”

பால் காய்ப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது என் குட்டி அண்ணனுக்குக் காரியாபட்டியில் அவசர வேலை வந்துவிட்டது. போகும்போது, “அண்ணாச்சி, இந்த ஒத்த ரூமை மட்டும் நீங்க முடிங்க. ஒழுங்கா முடிச்சீகன்னா அடுத்த வீட்டுல சுவிட்ச் போர்டு வேலை பூராம் உங்களுக்கு. இல்லேன்னா சுவரு இருக்கவே இருக்கு” என்றான்.

சிவப்பு வயரில் கரண்ட் வரும். அது முதலில் சுவிட்சுக்கு இறங்கி, அங்கிருந்து பல்புக்குப் போக வேண்டும். பல்பிலிருந்து திரும்புவதற்குக் கறுப்பு வயர். அதைச் சுவிட்ச் பக்கமே கொண்டுவரக் கூடாது. இவ்வளவுதான் பாடம். ஏணியில் நின்று பார்த்தபோது சிவப்பு வயர், வயர்களெல்லாம் கூடும் பெட்டியின் மறுகோடியில் கிடந்தது. கறுப்பு என் மூக்கருகே தொங்கியது. அப்போதுதான் எனக்குள் இருந்த விஞ்ஞானி கண்விழித்தார். கரண்ட் போய்த் திரும்புவது ஒரு வட்டம். வட்டத்தை எந்தப் பக்கம் வெட்டினால் என்ன? பல்புக்குத் தெரியவா போகிறது? கறுப்பைச் சுவிட்சில் மாட்டினேன், சிவப்பை நேராகப் பல்புக்கு விட்டேன்.

நடுப்பகல் வெயிலில் சுவிட்சைத் தட்டினேன். எரிந்தது. மறுபடி தட்டினேன். அணைந்தது. இத்தனை காலமும் எல்லோரும் வீணாகச் சிவப்பின் பின்னால் அலைந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பால் காய்ப்பன்று இருட்டோடு இருட்டாகப் பெண்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். தலையில் பூ, கையில் தூக்குவாளி. அப்படியே வேனில் ஏற வேண்டுமே. காரியாபட்டியிலிருந்து திரும்பிய குட்டி அண்ணன் வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான். அடுப்பில் பால் ஏறியது. பொங்கும்வரை சும்மா நிற்பானேன் என்று அக்கா எல்லோரையும் படுக்கையறைக்கு அழைத்துப் போனார். உள்ளே நிற்கச் சொல்லிவிட்டு, வெளியே வந்து, சுவிட்சைத் தொட்டார். பளீரென்று வெளிச்சம். “ஏ ஆத்தீ!” என்று ஒரே சந்தோஷம். நான் கதவோரம் மாப்பிள்ளை மாதிரி நின்றேன். அக்கா சுவிட்சை அமத்தினார்.

எல்.இ.டி. பல்பு அணைந்தது. ஆனால் முழுசாக அணையவில்லை. உள்ளுக்குள் மங்கலாக, சாம்பலுக்குள் கங்கு மாதிரி ஒரு வெளிச்சம் மிச்சம் நின்றது.

“ஏட்டி, இன்னும் கங்கு நிக்குது!” என்று ஒரு குரல். அவ்வளவுதான். அணைந்த பிறகும் ஒளிர்வது எதுவாக இருந்தாலும் அதன் பக்கத்தில் நின்று ஆராய்ச்சி செய்கிற பழக்கம் பட்டாசுத் தொழிலாளிக்குக் கிடையாது. ஒருவரையொருவர் தள்ளாமல், கூச்சல் போடாமல், கம்பெனியில் பழக்கியபடி வரிசையாக வெளியே ஓடினார்கள். அக்கா ஓடினார். அக்காவின் புருஷன் அவருக்கு முன்பே ஓடியிருந்தார். நிமிஷத்தில் வீடு காலி.

ஓட வேண்டும் என்று தெரியாத ஒரே ஆள் நான். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. குலவை போட ஆளில்லை. நானே போட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

குட்டி அண்ணன் உள்ளே வந்தான். பல்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“அண்ணாச்சி, சுவிட்சுக்கு எந்த வயரை எறக்குனீக?”

“கறுப்பு.”

“ஏன்?”

“பக்கத்துல இருந்துச்சுண்ணே.”

பல்பைக் கழற்றினான். சுவிட்ச் அணைந்தே இருந்தது. டெஸ்டரை ஹோல்டரில் வைத்தான். டெஸ்டர் நன்றாக எரிந்தது.

“அமத்துன பிறகும் பல்புல கரண்டு நிக்குது, அதான் மினுங்குது. சுவிட்சை அமத்தியாச்சுன்னு நம்பி அந்தக்கா பல்பு மாத்தக் கையை வச்சா?”

என் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து இடுப்பில் செருகி மறைத்தேன்.

மெயினை நிறுத்தி, டார்ச் வெளிச்சத்தில் அவன் வயர்களை மாற்றிக் கொடுத்தான். வெளியே பெண்கள் வேப்பமரத்தடியில் நின்றார்கள். “நான் உள்ள வரமாட்டேன்பா, இங்கனயே திருநீறு பூசிக்கிறேன்” என்று ஒருத்தி. “வேன் வந்துரும்டி” என்று இன்னொருத்தி. நடுவில் அக்கா பட்டுச்சேலை முந்தியைக் கையில் சுருட்டிக்கொண்டு, தன் வீட்டைத் தானே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குட்டி அண்ணன் போய்ச் சொன்னபிறகு அக்காதான் முதலில் வந்தார். சுவிட்சைப் போட்டார், அமத்தினார். உள்ளே நல்ல கும்மிருட்டு. மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டுத்தான் கையை ஆட்டி மற்றவர்களைக் கூப்பிட்டார். அவர்களும் லேசில் நம்பவில்லை. ஒவ்வொருத்தியாக வெளியே நின்று சுவிட்சைத் தட்டி, தலையை மட்டும் உள்ளே நீட்டி, இருட்டைச் சோதித்துவிட்டுப் போனார்கள். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. பொங்கலைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு ஓடினார்கள்.

கூட்டம் வடிந்ததும் மெல்லப் போய் அக்கா முன்னால் நின்றேன்.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சுல்லக்கா? எனக்கும் ஒரு இலை போடலாமா?”

“வேற எந்தெந்தச் சுவிட்சுல கைய வச்சன்னு மொதல்ல காட்டுலே.”