கிரைண்டருக்கு இடம் இருக்கிறது, மேஜைக்கு இல்லை

இன்டீரியர் டிசைன் அலுவலக வேலையாக இன்று சாரம் பகுதியில் ஒரு வீட்டுக்குப் போனேன். அக்காவும் தம்பியும் சேர்ந்து இருக்கும் அறை. "அடைசல் இல்லாம மாடர்னா பண்ணிக் குடும்மா" என்றார் அவர்களின் அம்மா.

பாதி அறையில் குக்கர், கிரைண்டர், பித்தளை அண்டா.

"இதெல்லாம் எங்க மாத்தலாம்க்கா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அது அங்கயே இருக்கட்டும். பாப்பா கல்யாணத்துக்குச் சேத்தது. அவ டேபிள வேணா எடுத்துடு."

பாப்பா ஏழாவது படிக்கிறாள். "அப்ப அண்டா மேல ஒக்காந்தா படிப்பேன்?" என்றாள்.

"வாயப் பாரு!" என்று அம்மா சிரித்தார்.

பெற்ற பிள்ளை படிக்க இடமில்லையாம், எங்கேயோ இருக்கிற மாப்பிள்ளை வீட்டுக் கிரைண்டருக்கு இருக்கிறதாம்! கொதித்தது.

வரைபடத்தில் மேஜையை ஜன்னலோரம் போட்டேன். பாத்திரங்கள் மொத்தத்தையும் பெற்றோர் கட்டிலுக்கு நேர் மேலே பரண் போட்டு ஏற்றிவிட்டேன்.

நாளை முதலாளி பார்ப்பார். எனக்கு எங்காவது வேறு வேலை இருந்தால் சொல்லுங்கள்.